ஒரு பதிவு, ஐந்து முகவரி: கனானிக்கல் சுட்டியின் கதை



வட்டி, வைப்புநிதி, என்.ஆர்.ஐ. கணக்கு என்று எழுதிக்கொண்டிருந்த பேங்க்காரன் இந்த வாரம் தேடுபொறிப் பக்கம் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிற குடும்பங்கள். 2013, 2014 வாக்கில் ஒரே தமிழ்ப் பதிவை வீட்டில் எல்லோரும் படித்திருப்பீர்கள். மதுரையில் அப்பா படித்தபோது முகவரிப் பட்டையில் ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்று இருந்திருக்கும். சிங்கப்பூரில் தம்பிக்கு ‘டாட் எஸ்ஜி’. துபாயில் அக்காவுக்கு ‘டாட் ஏஈ’. லண்டனில் மச்சானுக்கு ‘டாட் கோ டாட் யூகே’. எழுதியவரோ தன் பதிவு ‘டாட் காம்’-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருப்பார். ஆக, ஒரே பதிவுக்கு ஐந்து முகவரி.

இந்த ஐந்தும் ஒன்றுதான் என்று தேடுபொறிக்கு யார் சொன்னார்கள்? பக்கத்தின் தலைப்பகுதியில், நம் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒற்றை வரி சொன்னது. அதன் பெயர் கனானிக்கல் சுட்டி. அசல் முகவரிச் சுட்டி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அந்த வரி எப்படி வந்தது, தமிழ்ப் பதிவுகளில் எதைக் காப்பாற்றியது, எதைக் காப்பாற்ற முடியாமல் போனது என்பதுதான் இன்றைய கதை. கடைசியில் உங்கள் வீட்டுக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

பெயர் பல, ஆள் ஒன்று

நான் குடியிருப்பது கும்பளங்கி. 2019-ல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொச்சிக்குத் தெற்கே காயலுக்கு நடுவில் இருக்கிற ஊர். வேலை மட்டாஞ்சேரிப் பக்கம். வந்த புதிதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது இந்த ஊர்ப் பெயர் விவகாரம்தான். 1996-ல் கொச்சின் என்பது கொச்சி ஆனது. ஆனால் விமான நிலையம் இன்னும் கொச்சின் தான். துறைமுகமும் கொச்சின் தான். ரயிலில் வந்தால் நீங்கள் இறங்குவது எர்ணாகுளம். மூன்றும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை என்று ஊர்க்காரனுக்குத் தெரியும். புதிதாக டிக்கெட் எடுக்கிறவனுக்குத் தெரியாது.

கவுண்டரில் இதே கதை தினமும் நடக்கும். முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஆறேழு விதமாக எழுதலாம். பாஸ்புக்கில் ஒரு விதம், பான் கார்டில் இன்னொரு விதம், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதம். மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று கணக்கு திறந்திருந்தால் கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று ஆள். வட்டிக்கு வரி பிடிப்பதிலிருந்து கடன் வரம்பு பார்ப்பது வரை எல்லாம் தனித்தனியாகப் போகும்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2012-ல் ஒரு வழி சொன்னது. ஒரு வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் அடையாள எண் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். கணக்குகளை மூடு என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கணக்கு மூன்றும் இருக்கட்டும், ஆனால் மூன்றும் ஒரே ஆளைக் காட்டட்டும் என்றார்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கனானிக்கல் சுட்டி பாதி புரிந்த மாதிரி.

யந்திரத்துக்கு எல்லாமே வேறு வேறு

வலைப்பக்க முகவரி என்பது மனிதக் கண்ணுக்கு ஒரு அடையாளம், யந்திரத்துக்கு ஓர் எழுத்துச் சரம். சரத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அது வேறு முகவரிதான்.

முன்னால் மூன்று டபிள்யூ போட்டால் ஒன்று, போடாவிட்டால் இன்னொன்று. ஹெச்டிடிபி என்று ஆரம்பித்தால் ஒன்று, கடைசியில் எஸ் சேர்த்தால் இன்னொன்று. முடிவில் சாய்கோடு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று. இந்த மூன்று சமாச்சாரத்துக்கே இரண்டு, இரண்டு, இரண்டு என்று பெருக்கினால் எட்டு முகவரி ஆகிவிட்டது. எட்டும் ஒரே பக்கத்தைத்தான் காட்டும்.

பிளாக்ஸ்பாட்டில் இன்னும் உண்டு. கைபேசியில் திறந்தால் முகவரி வாலில் ஒரு கேள்விக்குறி, எம், சமம், 1 என்று ஒட்டிக்கொண்டு வரும், பார்த்திருப்பீர்கள். ஒரு குறிப்பிட்ட பின்னூட்டத்துக்குச் சுட்டி கொடுத்தால் அதற்கு வேறு ஒரு வால். ஃபேஸ்புக்கிலிருந்து சொடுக்கி வந்தால் அது ஒட்டுகிற வால் தனி. கடைத் தளங்களில் விலைவாரியாக அடுக்கினால் ஒரு முகவரி, நிறவாரியாக அடுக்கினால் வேறு.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மூன்று நஷ்டம்.

முதலாவது, தேடுபொறியின் உலாவி நிரல் ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்து நேரத்தை வீணாக்கும். புதிதாக எழுதிய பதிவு அதன் கண்ணில் படத் தாமதமாகும்.

இரண்டாவது, ஓட்டுப் பிரிவு. 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் சொன்ன யோசனை இது. ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் கொடுக்கும் சுட்டி, அந்தப் பக்கத்துக்குப் போடும் ஓட்டு மாதிரி. அதன் மேல்தான் கூகிள் எழுந்தது. உங்கள் பதிவுக்கு 30 பேர் சுட்டி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் மூன்று முகவரிக்கு 12, 10, 8 என்று பிரிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சுட்டி வாங்கிய இன்னொருவர் உங்களை முந்திவிடுவார். தேர்தலில் ஓட்டுப் பிரிந்து தோற்ற கதை நமக்குப் புதிதா என்ன!

மூன்றாவது, எந்த முகவரியைத் தேடல் முடிவில் காட்டுவது என்பதைத் தேடுபொறியே முடிவு செய்யும். அது சில சமயம் கைபேசி வால் ஒட்டிய முகவரியாகவோ, அச்சுப்படிக்கென்று வைத்த முகவரியாகவோ இருந்துவிடும்.

2009-க்கு முன்னால்

இந்தத் தலைவலி கூகிளுக்கு முந்தியது. 1997-ல் ஆண்ட்ரே பிராடரும் அவருடைய சகாக்களும் அல்டாவிஸ்டா தேடுபொறி சேகரித்த பக்கங்களில் ஒரே மாதிரி இருப்பவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னார்கள். பக்கத்தை அடுத்தடுத்த சில சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கத்துக்கும் எத்தனை துண்டு பொதுவாக இருக்கிறது என்று பார்ப்பது. கூரை ஓடு ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி துண்டுகள் அடுக்கி வருவதால் ‘ஷிங்கிள்’ என்று பெயர். 2007-ல் குர்மீத் சிங் மன்கு, அரவிந்த் ஜெயின், அனிஷ் தாஸ் சர்மா மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பிட் அளவில் ஒரு விரல்ரேகை எடுத்து, 800 கோடிப் பக்கங்களுக்குள் இரட்டைகளைப் பிடிப்பது எப்படி என்பது அதன் சாரம். மூன்று பெயருமே நம் ஊர்ப் பெயர்கள்.

இதெல்லாம் தேடுபொறி தன் பக்கத்திலிருந்து செய்தது. இரண்டு பக்கம் ஒன்றுதான் என்று அது கண்டுபிடித்துவிடும். ஆனால் இரண்டில் எது அசல் என்று அதற்கு எப்படித் தெரியும்? அது எழுதியவருக்குத்தான் தெரியும்.

எழுதியவர் சொல்வதற்கு அப்போது இருந்த நல்ல வழி 301 என்ற எண்ணுள்ள வழிமாற்று. ‘இந்தப் பக்கம் நிரந்தரமாக அங்கே குடிபோய்விட்டது’ என்று சர்வர் சொல்லி, வந்தவரைப் புது முகவரிக்கு அனுப்பிவிடும். ஆனால் அதற்கு சர்வர் உங்கள் கையில் இருக்க வேண்டும். பிளாக்ஸ்பாட்டில் இலவசமாக எழுதிக்கொண்டிருந்த நம் ஆட்கள் அந்த வீட்டில் வாடகைக்காரர்கள். சுவரில் ஆணி அடிக்கவே உரிமை இல்லாதவர் வாசலை மாற்ற முடியுமா?

இதற்கு நடுவில் ஒரு புரளியும் உலாவியது. ஒரே பக்கம் இரண்டு முகவரியில் இருந்தால் கூகிள் தண்டனை கொடுக்கும் என்பார்கள். சாதாரணமாக அப்படித் தண்டனை எதுவும் கிடையாது என்று கூகிளே 2008-ல் விளக்கம் எழுத வேண்டி வந்தது. அபராதம் இல்லை என்றாலும் ஓட்டுப் பிரிவு இருந்தது.

பிப்ரவரி 12, 2009

அன்றுதான் கூகிள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஒன்றாக அறிவித்தன. தேடல் சந்தையில் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்த மூன்று கம்பெனிகள் இவை. இருந்தாலும் சில பொது விஷயங்களில் சேர்ந்து நின்றார்கள். 2006 நவம்பரில் தளவரைபடம், அதாவது சைட்மேப் விஷயத்தில் இதே மூவரும் ஒரே முறைக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு போட்டி இருந்தாலும் காசோலைக்கு எல்லா வங்கிக்கும் ஒரே வடிவம் இருக்கிற மாதிரிதான்.

அறிவித்த விஷயம் மிகச் சின்னது. பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு லிங்க் வரி. அதில் ரெல் என்ற இடத்தில் கனானிக்கல் என்ற சொல். ஹெச்ரெஃப் என்ற இடத்தில் அசல் முகவரி. அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை எந்த முகவரி வழியாகத் திறந்தாலும் இந்த வரி மாறாது. ‘என்னை எப்படிக் கூப்பிட்டு வந்தாலும் சரி, என் பெயரை இப்படிப் பதிந்துகொள்’ என்று பக்கமே தேடுபொறியிடம் சொல்லிவிடும். பிரிந்து கிடந்த 12, 10, 8 எல்லாம் அசல் முகவரிக் கணக்கில் 30 ஆக வரவு வைக்கப்படும்.

சர்வர் நம் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வார்ப்புருவில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது இதன் பெரிய வசதி.

ஒரு எச்சரிக்கையும் கூடவே வந்தது. இந்த வரி கட்டளை அல்ல, வலுவான குறிப்பு மட்டுமே என்று கூகிள் சொன்னது. இன்றைக்கும் அப்படித்தான். இரண்டு பக்கமும் உள்ளடக்கத்தில் ஒத்துப் போகாவிட்டால், அல்லது மற்ற அடையாளங்கள் வேறு முகவரியைக் காட்டினால், தேடுபொறி உங்கள் வரியைத் தள்ளிவிட்டுத் தன் இஷ்டப்படி தேர்ந்தெடுக்கும். நாமினி படிவத்தில் பெயர் எழுதியதாலேயே சொத்து அவருக்கு என்று ஆகிவிடாது அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

முதலில் ஒரே தளத்துக்குள் மட்டும் செல்லும் என்று இருந்தது. 2009 டிசம்பரில் ஒரு தளத்திலிருந்து வேறு தளத்தைக் காட்டினாலும் ஏற்போம் என்று கூகிள் சொன்னது. இந்த டிசம்பர் மாற்றம் நம் கதைக்கு முக்கியம், நினைவில் வையுங்கள். 2011-ல் பிடிஎஃப் மாதிரித் தலைப்பகுதி இல்லாத கோப்புகளுக்கும் சர்வர் மூலம் இதைச் சொல்ல வழி வந்தது. 2012 ஏப்ரலில் 6596 என்ற எண்ணில் இணையத் தரநிலை ஆவணமாகவும் பதிவானது.

கனானிக்கல் என்ற சொல்லை என் பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் சொன்னால் அவர் தேவாலயத்தைத்தான் நினைப்பார். திருச்சபைச் சட்டத்துக்கு இங்கே கானோன் என்று பெயர். எங்கள் காயலுக்குக் கிழக்கே இருக்கும் உதயம்பேரூரில் 1599-ல் கூடிய சூனகதோஸ் கேரளத் திருச்சபை வரலாற்றில் பெரிய திருப்பம். ‘இனி இதுதான் சரியான முறை’ என்று அங்கே விதித்ததைப் பற்றிய சண்டை தலைமுறை தலைமுறையாக நடந்தது. சொல்லின் வேர் கிரேக்கத்தில் அளவுகோல் என்ற பொருள் கொண்டது. கணிதக்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் அதைப் பல வடிவங்களில் எதைத் தர வடிவமாகக் கொள்வது என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழுக்கென்று சில தலைவலிகள்

ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் நமக்கு இருந்தன.

பிளாக்ஸ்பாட் பதிவின் தலைப்பிலிருந்துதான் முகவரியை உண்டாக்கும். தலைப்பு தமிழில் இருந்தால் எழுத்தை எல்லாம் உதிர்த்துவிட்டு ‘பிளாக் போஸ்ட்’ என்று வைத்துவிடும். அடுத்த பதிவுக்கு அதே பெயரோடு ஒரு எண். தமிழ்ப் பதிவுலகம் முழுக்க ‘பிளாக் போஸ்ட் 17’, ‘பிளாக் போஸ்ட் 23’ என்றுதான் முகவரிகள். முகவரியைத் திருத்திக்கொள்ளும் வசதி 2012-ல்தான் வந்தது. ஆங்கிலத்தில் சுட்டி உடைந்தாலும் முகவரியைப் பார்த்துப் பதிவு எதைப் பற்றியது என்று ஊகிக்கலாம். நமக்கு ‘பிளாக் போஸ்ட் 17’ எதையுமே சொல்லாது. அது ஆயா செய்த உப்புக்கண்டமா, அப்பாவின் ரங்கூன் நினைவா, யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி, தாப், தாம், பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் தட்டச்சி வலையேற்றியது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரே நூல் திஸ்கியில் ஒரு கோப்பு, ஒருங்குறியில் ஒரு கோப்பு, பிடிஎஃப் ஒன்று என்று இருக்கும். படிக்கிறவருக்கு ஒரே நூல். தேடுபொறிக்கு முதல் கோப்பும் இரண்டாவதும் சம்பந்தமே இல்லாத எழுத்துக் குவியல். பிராடரின் ஓடுகளும் மன்குவின் விரல்ரேகையும் இங்கே வேலை செய்யாது.

ஒருங்குறிக்குள்ளேயே ஒரு வேடிக்கை உண்டு. ‘கொச்சி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொ’ என்பதில் ககரத்துக்கு இரண்டு பக்கமும் குறி இருக்கிறது. இதை ஒகரக் குறி என்ற ஒரே குறியீடாகவும் கம்ப்யூட்டரில் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. யந்திரம் அப்படியே ஒப்பிட்டால் இரண்டு வேறு சொல். ஒருங்குறித் தரநிலை இந்த இரண்டும் சமம் என்று அறிவித்திருக்கிறது. அந்தச் சமத்துவத்துக்கு அவர்கள் வைத்த பெயரும் ‘கனானிக்கல்’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. நான் குடியிருக்கும் ஊருக்கு மனிதர்களிடம்தான் இரண்டு பெயர் என்று நினைத்தேன், யந்திரத்துக்குள்ளும் இரண்டு :-)

2012: டாட் இன் வந்த கதை

இப்போது ஆரம்பத்தில் சொன்ன ஐந்து முகவரிக்கு வருவோம்.

2011 ஏப்ரலில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இடைத்தரகர் விதிகளைக் கொண்டுவந்தது. டிசம்பரில் அன்றைய அமைச்சர் கபில் சிபல் கூகிள், ஃபேஸ்புக் போன்ற கம்பெனிகளை அழைத்து, ஆட்சேபமான விஷயங்களை முன்கூட்டியே வடிகட்ட வேண்டும் என்று பேசியது பெரிய சர்ச்சையானது. இந்த மாதிரி நெருக்கடி பல நாடுகளில் இருந்தது. ஒரு நாட்டுச் சட்டப்படி ஒரு பதிவை நீக்கச் சொன்னால், அந்த நாட்டில் மட்டும் மறைத்து மற்ற நாடுகளில் விட்டுவைக்க பிளாகருக்கு ஒரு ஏற்பாடு வேண்டியிருந்தது.

2012 தொடக்கத்தில் அந்த ஏற்பாடு வந்தது. வாசகர் எந்த நாட்டில் இருந்து படிக்கிறாரோ அந்த நாட்டு முகவரிக்கு அவரைத் தானாக மாற்றிவிடுவது. முதல் வரிசையில் வந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பிறகு ஒவ்வொரு நாடாகச் சேர்ந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரே இரவில் ஒவ்வொரு தமிழ்ப் பதிவுக்கும் புதுப்புது முகவரி. எழுதியவரிடம் யாரும் கேட்கவில்லை. 2009-க்கு முன் இது நடந்திருந்தால் தேடலில் பெரிய குழப்பம் ஆகியிருக்கும். நடக்கவில்லை. எல்லா நாட்டு முகவரியிலும் அந்த ஒற்றை வரியைப் பிளாகரே போட்டு, அசல் முகவரி டாட் காம் என்று காட்டிவிட்டது. ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்தைக் காட்டலாம் என்று 2009 டிசம்பரில் வந்த மாற்றம் இங்கேதான் கைகொடுத்தது.

தேடுபொறி பிழைத்தது. மற்றவர்களுக்குச் சிரமம்தான். தமிழ்மணம் மாதிரித் திரட்டிகளில் எல்லோரும் பதிந்து வைத்திருந்தது டாட் காம் முகவரி. வாசகர் டாட் இன்னிலிருந்து ஓட்டுப்பட்டையை அழுத்தினால் இரண்டும் ஒன்று என்று பட்டைக்கு யார் சொல்வது? முகவரியை வைத்து எண்ணுகிற எல்லாவற்றுக்கும் இதே பாடு. உடனே நம் பதிவர்கள் களத்தில் இறங்கினார்கள். முகவரியின் கடைசியில் என்சிஆர் என்று மூன்று எழுத்தைச் சேர்த்தால் நாட்டு முகவரிக்குப் போகாமல் டாட் காமிலேயே நிற்கும். ‘நாட்டு வழிமாற்று வேண்டாம்’ என்பதன் சுருக்கம் அது. இதைத் தானாகச் செய்யும் நிரல் துண்டுகளை எழுதி, ‘டெம்ப்ளேட்டில் இந்த இடத்தில் ஒட்டுங்கள்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழில் தொழில்நுட்பப் பதிவு எழுதியவர்களுக்கு அந்த வருடம் நல்ல வேலை.

2018-க்குப் பிறகு

2018 மே மாதத்தில் பிளாகர் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. அதன் பிறகு டாட் இன், டாட் எஸ்ஜி எதைத் திறந்தாலும் டாட் காமுக்கே கொண்டுபோய் விட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஆனால் 2012-லிருந்து 2018 வரை இந்தியாவில் இருந்தவர்கள் முகவரிப் பட்டையிலிருந்து நகல் எடுத்து அனுப்பிய சுட்டிகள் எல்லாம் டாட் இன். மின்னஞ்சலில், வாட்ஸ்அப்பில், பதிவுகளின் பக்கவாட்டில், விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் என்று அவை எங்கும் கிடந்தன. ஆறு வருடத்துக்கு மேல் சேர்ந்த சுட்டிகள்.

2020-ன் நடுவில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற பெயரின் பதிவு காலாவதியாகி வேறு கைக்குப் போய்விட்டது என்று செய்தி வந்தது. லட்சக்கணக்கான சுட்டிகள் பாதிக்கப்பட்டன என்று எழுதினார்கள். முகவரி வேறு ஒருவருடையது ஆன பிறகு வழிமாற்று எங்கிருந்து நடக்கும்? பழைய சுட்டியைச் சொடுக்கியவர்களுக்குப் பதிவு வரவில்லை. பதிவே அழிந்துபோய்விட்டது என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் மூடியிருப்பார்கள்.

அழியவில்லை என்பதுதான் இதில் முக்கியம். எழுத்து டாட் காமில் அப்படியே இருந்தது. கூகிளில் தலைப்பைத் தேடியவருக்குக் கிடைத்தது. ஏனென்றால் தேடுபொறியிடம் அசல் முகவரி எது என்று அந்த வரி எட்டு வருடம் முன்பே சொல்லிவைத்திருந்தது. ஆனால் அந்த வரி யந்திரத்தோடு மட்டும் பேசுவது. அப்பா அனுப்பிய சுட்டியை வைத்திருந்த மகனிடம் அது எதுவுமே சொன்னதில்லை. அவன் கையில் இருந்தது டாட் இன். அவனுக்குப் பதிவின் தலைப்புகூட நினைவில்லை. முகவரியிலோ ‘பிளாக் போஸ்ட் 17’.

இதை வங்கிகள் எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். 2017 ஏப்ரல் 1-ல் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் எஸ்.பி.ஐ.யோடு சேர்ந்தது. அடுத்த வருடம் எஸ்.பி.ஐ. சுமார் 1,300 கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டை மாற்றியபோது, பழைய குறியீட்டில் பணம் அனுப்பினாலும் புதியதற்குப் போகும்படி உள்ளே இணைத்து வைத்தார்கள். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு சேர்ந்தது. பழைய குறியீடு 2021 ஜூன் 30 வரை செல்லும், அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். 15 மாதம் அவகாசம். பணத்துக்கு முகவரி மாறினால் தேதி போட்டு அறிவிக்கிறோம். எழுத்துக்கு முகவரி போனபோது எழுதியவருக்கும் தெரியவில்லை, படித்தவருக்கும் தெரியவில்லை.

வைய விரிவு வலையைத் தொடங்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே நல்ல முகவரிகள் மாறக் கூடாது என்று வலியுறுத்தி ஒரு கட்டுரை எழுதினார். தொழில்நுட்பத்தால் முகவரி சாவதில்லை, பொறுப்பெடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல்தான் சாகிறது என்பது அதிலிருந்து நான் புரிந்துகொண்டது. கனானிக்கல் சுட்டி முகவரிகளை ஒழுங்குபடுத்தும். அவற்றை உயிரோடு வைத்திருக்க அதனால் முடியாது. அது ஆள் செய்ய வேண்டிய வேலை.

நம் வீட்டு வேலை

ஆரம்பத்தில் சொன்ன வேலை இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

1. பழைய மெயில், வாட்ஸ்அப், குறிப்பேட்டில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று இருக்கும் சுட்டிகளைத் தேடுங்கள். அப்படியே சொடுக்க வேண்டாம், கைமாறிய பெயர் எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. நகல் எடுத்து, இன் என்பதைக் காம் என்று திருத்தித் திறந்து பாருங்கள். எழுதியவர் நீக்கியிருக்காவிட்டால் பதிவு வரும். டாட் எஸ்ஜி, டாட் ஏஈ, டாட் கோ டாட் யூகே எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்.

2. சுட்டி அனுப்பும்போது கேள்விக்குறிக்குப் பிறகு எம் சமம் 1 என்று இருந்தால் அந்த வாலை வெட்டிவிட்டு அனுப்புங்கள். கூடவே பதிவின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் ஒரு வரி சேருங்கள். முகவரி போனாலும் தலைப்பை வைத்துத் தேடலாம்.

3. டாட் காமிலும் இல்லையென்றால் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே இரண்டு முகவரியையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

4. வீட்டில் யாராவது எழுதிக்கொண்டிருந்து இப்போது இல்லையென்றால், அந்தப் பதிவுகளை இறக்கி ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் தொடாத கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகிள் 2023-ல் அறிவித்தது. எழுதுகிறவர் இருந்தால் கணக்குக்குள் அவ்வப்போது நுழையச் சொல்லுங்கள். செயலற்ற கணக்கு மேலாளர் என்ற வசதி 2013-லிருந்து கூகிளில் இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட காலம் வராவிட்டால் உங்கள் தரவை யாரிடம் கொடுப்பது என்று பெயர் கொடுத்து வைக்கலாம்.

5. சொந்தமாக டொமைன் வாங்கி எழுதுகிறவர்கள், புதுப்பிக்கும் தேதியையும் எந்தக் கம்பெனியில் வாங்கினீர்கள் என்பதையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைக்கவும். எஃப்.டி.க்கு நாமினி கேட்டு நான் தினமும் நச்சரிக்கிறேன். பத்து வருட எழுத்துக்கு அந்தக் கவனம் வேண்டாமா?

உப்புக்கண்டம் எப்படிப் போடுவது என்று ஆயா சொல்ல மாமா தட்டச்சியது, 1983-ல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பியதைப் பற்றி ஒருவர் எழுதியது, வளைகுடாவில் முதல் வருடம் சமைத்துச் சாப்பிட்ட கதை... இதெல்லாம் புத்தகமாக வரவில்லை. பிளாக்ஸ்பாட்டில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் பின்னால் தேடினால், கையில் இருக்கிற முகவரி அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

டாட் இன்னைக் காம் ஆக்கிப் பார்த்ததில் யாருக்காவது பழைய பதிவு திரும்பக் கிடைத்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தலைப்பையும் சேர்த்து எழுதுங்கள், மற்றவர்களும் படிப்பார்கள்.

பி.கு.: அடுத்த பதிவில் வழக்கம்போல என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. கணக்கு வித்தியாசம். கேள்வி கேட்டு எழுதிய மூவருக்கும் அதில் பதில் உண்டு.